செல்லடி தப்பிய வீடுகளைச் செல் தின்கிறது: நாரந்தனையில் நான்கு பருவம்

யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘செல்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று வானத்திலிருந்து விழுந்து வெடித்தது. மற்றது நிலத்திலிருந்து சத்தமில்லாமல் ஏறுவது. ‘செல் விழுந்த வீடு’ என்றால் ஒரு கதை, ‘செல் அரித்த வீடு’ என்றால் இன்னொரு கதை. முதலாவது செல் ஓய்ந்துவிட்டது. இரண்டாவது, அதாவது கறையான், ஓயவில்லை. தீவகத்தில் இன்று கூரை இறங்கி நிற்கும் வீடுகளை அருகே போய்ப் பார்த்தால், சுவரில் குண்டுத் துளை இல்லாத வீடுகளும் அவற்றுள் இருப்பது தெரியும். அவற்றை விழுத்தியது யுத்தம் நேரடியாக அல்ல. யுத்தம் ஆட்களை வெளியேற்றியது. ஆளில்லாத வீட்டைக் கறையானும் மழையும் மிச்சம் பார்த்தன.

நாரந்தனை, பண்ணைப் பாலத்தைக் கடந்து அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை வழியாக ஊர்காவற்றுறைக்குப் போகும் பக்கத்தில் இருக்கிறது. அது என் அம்மாவின் ஊர். 1990, 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளோடு தீவகத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் பல யாழ்ப்பாணத்துக்கும், பிறகு வன்னிக்கும் கொழும்புக்கும், அங்கிருந்து கனடா, பிரான்ஸ், சுவிஸ், இங்கிலாந்துக்கும் போயின. திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். வராதவர்களின் வளவுகளும் இருக்கின்றன. ஆகவே ஒரே ஒழுங்கையில் நேற்று வெள்ளையடித்த வீடும், கூரையில்லாச் சுவரும், பூட்டுப் போட்ட வீடும் அடுத்தடுத்து நிற்கும்.

கடந்த ஓராண்டில் ஆடி, ஐப்பசி, தை, சித்திரை என்று நான்கு தடவை அங்கே போய், வீடு பார்க்கும் வேலையைப் பொறுப்பெடுத்திருக்கும் சிலரோடு சுவரும் கூரையும் தட்டிப் பார்த்தேன். வீட்டுப் பூச்சிச் சோதனை என்பது ஒருநாள் வேலையல்ல, பருவத்தோடு மாறுகிற வேலை என்பது அப்போதுதான் விளங்கியது. அந்த விவரங்களையும், ஏன் இது வெறும் மரத்தைப் பற்றிய பிரச்சினை மட்டுமல்ல என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

விளக்குமாறு எனும் முதல் பரிசோதகர்

ஆள் இருக்கும் வீட்டில் கறையான் வராமல் இல்லை. வந்தால் உடனே தெரிந்துவிடுகிறது, அதுதான் வேறுபாடு. காலையில் கூட்டுகிறவர் சுவரோரம் புதிதாக ஒரு மண் கோடு ஏறியிருப்பதைக் காண்கிறார். விளக்குமாற்றால் தட்டி விடுகிறார். அடுப்படிப் புகை கூரை மரத்தை உலர வைக்கிறது. கதவு யன்னல் திறப்பதால் காற்றோட்டம் இருக்கிறது. ஒழுக்கு விழுந்தால் அன்றிரவே கீழே சட்டி வைத்து, மறுநாள் ஓடு மாற்றுகிறார்கள். நாளாந்தம் நடக்கும் இந்தச் சின்னச் சின்னச் சோதனைகளைச் சோதனை என்று நாம் சொல்வதில்லை. பூட்டிய வீட்டில் இவை அனைத்தும் ஒரே நாளில் நின்றுவிடுகின்றன.

மண்ணில் வாழும் கறையானுக்கு மூன்று விடயம் வேண்டும்: ஈரம், இருட்டு, மரம் அல்லது காகிதம் போன்ற நார்ப்பொருள். வெயிலிலும் உலர்ந்த காற்றிலும் அதன் மெல்லுடல் சீக்கிரம் வற்றிவிடும். அதனால்தான் அது வெளியே நடப்பதில்லை. நிலத்திலிருந்து ஈரமண்ணையும் உமிழ்நீரையும் குழைத்துப் பென்சில் தடிப்பில் ஒரு குழாய் கட்டி, அதற்குள்ளால் ஏறுகிறது. சீமெந்தை அது தின்பதில்லை. ஆனால் சீமெந்து நிலத்தில் ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தாலே போதும், வழி கிடைத்துவிடும். பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த இடைவெளிகள் அதற்குப் பெருந்தெரு மாதிரி.

கூரை மரத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. தீவகத்தின் பழைய வீடுகளில் வளையும் கைமரமும் சிலாகையும் பெரும்பாலும் பனை. முற்றிய பனையின் வெளிப்புறம் கறுத்து இறுகிய வைரம். உள்ளே மென்மையான சோற்றி. தேர்ந்த தச்சர்கள் சோற்றியை முழுதாகச் செதுக்கி எடுத்துவிட்டு வைரத்தை மட்டும் கூரைக்கு ஏற்றுவார்கள். அப்படிச் செய்த மரம் தலைமுறைகள் நிற்கிறது. இளம் பனையைத் தறித்து அவசரத்தில் அறுத்துப் போட்டால், கறையான் சோற்றிப் பக்கத்தால் உள்ளே போய், கீழிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாமல் தின்று முடிக்கும். வெளியே மரம், உள்ளே மண். ஓட்டின் பாரம் தாங்காமல் ஒருநாள் இறங்கும்போதுதான் சங்கதி வெளிவரும்.

ஆடியில் வருகிறவர்கள்

வெளிநாட்டிலிருந்து சொந்தங்கள் ஊருக்கு வருவது பெரும்பாலும் ஆடி, ஆவணியில். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. நல்லூர்த் திருவிழாவும் அந்தக் காலத்தையொட்டியே வரும். அப்போது தீவகத்தில் சோளகக் காற்று வீசி நிலம் காய்ந்து கிடக்கும். ஈரம் தேடிக் கறையான் மண்ணின் ஆழத்துக்கு இறங்கியிருக்கும். சுவரில் பழைய மண் கோடு ஏதும் இருந்தாலும் காய்ந்து உதிர்ந்திருக்கும். வீட்டுக்காரர் பூட்டைத் திறந்து, தூசு தட்டி, படமெடுத்து, “வீடு நல்லாத்தான் கிடக்கு” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறுவார்.

தன் சகோதரியின் வீட்டைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் ஒரு அம்மா இதை ஒரே வசனத்தில் சொன்னார்: “பாக்கிறவை ஆடியில வருகினம், செல்லு மாரியில வருது தம்பி.”

சோளக காலத்தில் பார்க்க வேண்டியவை வேறு. மண்ணோடு தொடர்பே இல்லாமல் உலர்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் கறையான் வகை ஒன்று உண்டு. அது மண் கோடு கட்டாது. அலுமாரிக்குக் கீழோ கதவு நிலையடியிலோ கசகசா விதை போன்ற சிறு மணிகள் குவிந்திருந்தால் அதன் எச்சம் அது. மணியாக இல்லாமல் மாப்போல மெல்லிய தூள் கொட்டியிருந்து, மரத்தில் குண்டூசி நுழையுமளவு வட்டத் துளைகள் தெரிந்தால் அது உளுவண்டு. துளையின் ஓரம் புதிதாக வெளிறியிருந்து, கூட்டித் துடைத்த பின்னும் மறுபடி தூள் கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். வெறும் பழைய துளை மட்டுமென்றால் வேலை முடித்துக்கொண்டு போயிருக்கலாம்.

ஆகவே ஆடியில் வருகிறவர்கள் சுவரைப் பார்த்துத் திருப்திப்படாமல், ஒரு திருப்புளியை எடுத்துக் கதவு நிலையின் அடி, யன்னல் சட்டத்தின் கீழ் மூலை, கைமரம் சுவரில் இறங்கும் இடம் ஆகிய மூன்றையும் குத்திப் பார்க்க வேண்டும். அதன் பிடியால் தட்டினால் நல்ல மரம் இறுக்கமாகச் சத்தம் தரும். தின்னப்பட்ட மரம் வெறும் பெட்டி மாதிரி ஒலிக்கும். கூரைக்கு ஏறி உடைந்த ஓடு மாற்றுவதும், பீலிக்குள் நிறைந்த சருகை அள்ளுவதும், கூரையில் முட்டும் கொப்புகளைத் தறிப்பதும் இந்தக் காலத்துக்குரிய வேலைகளே. புரட்டாதி முடிவதற்குள் இவை முடிந்துவிட வேண்டும். ஐப்பசி பிறந்தால் ஏணி வைக்க நேரமிராது.

ஐப்பசி: ஈசலும் நுளம்பும்

யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவத்தில் கொட்டுகிறது. முதல் நல்ல மழைக்கு மறுநாள் மாலையில் ஈசல் கிளம்பும். அது கறையானின் மணக்கோலம்; புதிய இராணியும் இராசாவும் புதுக் குடி தேடிப் பறக்கும் நேரம். வளவில் ஈசல் பறப்பது இயல்பு. ஆனால் பூட்டிய அறைக்குள், யன்னல் படியில் உதிர்ந்த சிறகுகள் குவியலாகக் கிடந்தால் அது வெளியிலிருந்து வந்ததல்ல. அந்த அறையின் நிலத்துக்கோ மரத்துக்கோ உள்ளே ஒரு குடி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

சிறகு முளைத்த எறும்பும் இதே காலத்தில் பறக்கும். இரண்டையும் பிரித்தறிவது எளிது. ஈசலின் நான்கு சிறகும் ஒரே நீளம். இடுப்பு தடிப்பாக உடலோடு ஒட்டியிருக்கும். எறும்புக்கு முன் சிறகு நீளம், பின் சிறகு குட்டை. இடுப்பு நூல் மாதிரி ஒடுங்கியிருக்கும்.

இதே மழை இன்னொரு சோதனையையும் கட்டாயமாக்குகிறது. டெங்கு யாழ்ப்பாணத்தில் தலைதூக்குவது இந்தப் பருவமழையை ஒட்டித்தான். டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்த பாத்திரத்தின் ஓரத்திலேயே மாதக்கணக்கில் கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். குடம்பி நுளம்பாக ஒரு கிழமை முதல் பத்து நாள் போதும். வாரத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்வதன் காரணம் இதுதான். பனங்காணியில் தேடவேண்டிய இடங்கள் நகரத்து இடங்களிலிருந்து வேறு: எலி கோதிய குரும்பை, வெட்டிப் போட்ட சிரட்டை, கவிழ்க்காத ஆட்டுத் தண்ணீர்ச் சட்டி, மரப் பொந்து, பீலி, கைவிட்ட மலசலகூடக் குழி, மூடியில்லாத தண்ணீர்த் தாங்கி.

உப்புத்தண்ணீரில் நுளம்பு வராது என்று கடலோரத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அது பிழை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் சுரேந்திரனும் ரஞ்சன் ராமசாமியும் சக ஆய்வாளர்களும் 2011 முதல் வெளியிட்ட ஆய்வுகள், டெங்கு பரப்பும் நுளம்புகள் கரையோரத்தின் உவர்த்தண்ணீரிலும் பெருகுவதைக் காட்டின. கைவிட்ட கிணறும் கரையில் கிடக்கும் வள்ளமும் அவற்றுக்குப் போதும். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாகிவிட்டதென்று கைவிடப்பட்ட தீவக வளவுகளுக்கு இது நேரடியான செய்தி.

கிணற்றைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் இலங்கைக்குச் சான்று வழங்கியது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில், இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் ஒரு நுளம்பு வகை முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அது பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் காணப்பட்டது. குளம் குட்டையை விட அது விரும்புவது கிணறும் தண்ணீர்த் தாங்கியும். நோய் நாட்டில் இப்போது இல்லை. பரப்பக்கூடிய நுளம்பு இருக்கிறது. பாவனையில் இல்லாத கிணற்றுக்கு வலையடிப்பது அல்லது குடம்பி தின்னும் மீன் விடுவது சிறிய செலவு.

2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டத்தின்படி, தன் வளவில் நுளம்பு பெருக விடாமல் பார்ப்பது உரிமையாளரின் அல்லது இருப்பவரின் கடமை. உரிமையாளர் தொறொன்றோவில் இருக்கிறார் என்பதால் நுளம்பு பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடிக்காமல் விடுவதில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் படலையடிக்கு வரும்போது திறப்பு யாரிடம் என்பதாவது அயலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எலியும் பாம்பும்

வெள்ளம் ஏறினால் நிலத்துப் பொந்திலிருக்கும் எலி வீட்டுக்குள் ஏறும். எலிக்குப் பின்னால் பாம்பு வரும். இந்த இரண்டும் மாரியில் ஒன்றாகவே நடக்கும்.

2024 நவம்பர் இறுதியில் பெய்த கனமழைக்குப் பிறகு, டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் காய்ச்சல் பரவி உயிர்கள் போயின. முதலில் ‘மர்மக் காய்ச்சல்’ என்று பேசப்பட்டது. பின்னர் அது எலிக்காய்ச்சல் என உறுதியானது. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்குக் காலிலுள்ள சிறு கீறலே வாசல். பூட்டிக் கிடந்த வீட்டை மழைக்குப் பின் துப்புரவாக்குகிறவர்கள் நீண்ட சப்பாத்தும் கையுறையும் போடாமல் இறங்கக் கூடாது. எலி எச்சத்தை உலர்ந்தபடி கூட்டித் தூசு கிளப்பாமல், குளோரின் கரைத்த தண்ணீர் தெளித்து ஊறவிட்டு அள்ள வேண்டும். துப்புரவு முடித்து இரண்டு கிழமைக்குள் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால், பனடோலோடு வீட்டில் இராமல், வைத்தியரிடம் என்ன வேலை செய்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சோதனை எளிது. பெருவிரல் நுழையும் ஓட்டைக்குள் எலி நுழையும்; சின்னவிரல் நுழைந்தால் சுண்டெலி. கதவின் அடி இடைவெளி, குழாய் சுவருக்குள் போகும் துளை, கூரையும் சுவரும் சேரும் விளிம்பு ஆகியவற்றைக் கம்பிவலை வைத்துச் சீமெந்தால் பூச வேண்டும். பொச்சுமட்டையும் விறகும் காவோலையும் சுவரோடு அடுக்காமல் தள்ளிக் குவித்தால், எலிக்கும் பாம்புக்கும் கறையானுக்கும் ஒரே நேரத்தில் வீடு மறுக்கப்படும். இரவில் நிலத்தில் பாய் போட்டுப் படுப்பவர்களை விரியன் கடித்த சம்பவங்களை நம் ஊர்களில் எல்லோரும் அறிவோம். கட்டில் இல்லாவிட்டால் பாயின் அடியில் செருகிய நுளம்புவலை நுளம்பை மட்டுமல்ல, அதையும் தடுக்கும். கடிபட்டால் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். அசையாமல் வைத்து வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும்.

தையும் மாசியும்: உண்மை தெரியும் பருவம்

வருடத்தில் ஒரே ஒருமுறைதான் வீட்டைச் சோதிக்க முடியும் என்றால், ஆடியை விட்டுவிட்டுத் தையைத் தெரிவு செய்யுங்கள். மழை ஓய்ந்திருக்கும், நிலம் இன்னும் ஈரமாக இருக்கும். மாரி முழுவதும் ஏறிய கறையானின் மண் கோடுகள் சுவரில் புதிதாக, கருமையாக, ஈரத்தோடு நிற்கும். எங்கே ஒழுக்கு என்பதைச் சுவரின் கறையே சொல்லும். கறை எங்கே முடிகிறதோ அங்கே கைமரத்தைத் தட்டிப் பாருங்கள்.

மண் கோட்டைக் கண்டதும் முழுவதையும் அழித்துவிடக் கூடாது. நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் உடைத்துவிட்டு, மூன்று நாலு நாள் கழித்துப் பார்க்க வேண்டும். திருத்திக் கட்டப்பட்டிருந்தால் குடி உயிரோடிருக்கிறது. பிறகு கோட்டைக் கீழ்நோக்கித் தொடர்ந்து போய், எந்த வெடிப்பால் ஏறுகிறது என்று கண்டுபிடித்து அங்கேதான் வைத்தியம் செய்ய வேண்டும். மேலே மட்டும் தட்டிவிட்டால் அடுத்த கிழமை பக்கத்துச் சுவரால் ஏறும்.

இந்தக் காலத்தில் பற்றை துப்புரவாக்குகிறவர்கள் உண்ணிக் காய்ச்சலையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். பற்றைக்குள் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணியின் கடியால் வரும் இந்தக் காய்ச்சல் யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருக்கும்; அக்குளிலும் இடுப்பிலும் மறைந்திருப்பதால் பலர் காண்பதில்லை. நேரத்தோடு கண்டால் மலிவான மருந்துக்கே கேட்கும் நோய். நீளக் காற்சட்டை, முழுக்கைச் சட்டை, வேலை முடிந்ததும் முழுக்கு என்பவை போதும். நெடுங்காலம் ஆள் போகாத வளவென்றால் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: பற்றைக்குள்ளோ கிணற்றுக்குள்ளோ இனந்தெரியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடாமல், கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவிக்க வேண்டும்.

சித்திரையில் வெயில் ஏறியதும் எறும்பும் கரப்பானும் தண்ணீர் தேடிக் குசினிக்குள் வரும். அரிசிக்கும் ஒடியலுக்கும் வண்டு விழும். இறுக்கமான மூடியுள்ள தகரமும், நல்ல வெயிலில் ஒருநாள் பரப்பிக் காயவிடுவதும் நம் வீடுகளில் பழகிய வைத்தியங்கள். இன்றும் அவை பொருந்தும்.

நஞ்சு எங்கே போகிறது

கறையானைக் கண்டதும் கடையில் கேட்டு எதையாவது வாங்கி ஊற்றுவதுதான் வழக்கம். தீவகத்தில் இதைச் செய்யுமுன் கிணற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டும். குடாநாட்டின் நன்னீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் தேங்கும் மழைநீர்தான். ஊர்காவற்றுறைத் தீவின் நன்னீர், கடல்நீருக்கு மேல் மிதக்கும் மெல்லிய வில்லை. மேலே ஊற்றியதை வடிகட்ட அங்கே ஆழமான மண் இல்லை. வளவில் ஊற்றிய நஞ்சு வளவுக் கிணற்றுக்கும், அங்கிருந்து அயலுக்கும் போகும்.

ஒரு காலத்தில் உலகெங்கும் கறையானுக்கு அத்திவாரத்தில் ஊற்றிய அல்ட்ரின், டீல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டக்குளோர் ஆகியவை மண்ணில் ஆண்டுக்கணக்கில் அழியாமல் கிடந்து உணவிலும் உடலிலும் சேர்ந்தன. 2001இல் கையெழுத்தாகி 2004இல் நடைமுறைக்கு வந்த ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை இந்த நான்கையும் ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. ‘பழைய மருந்துதான் திறம்’ என்று யாராவது பெயரில்லாத போத்தலை நீட்டினால் வாங்கக் கூடாது. இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்ட மருந்துக்கே விற்பனை அனுமதி. பதிவிலக்கமும் பாவனை முறையும் சிட்டையில் இருக்க வேண்டும். கழிவு ஒயிலைத் தூணடியில் ஊற்றும் பழக்கமும் அப்படித்தான். சுன்னாகத்தில் கிணறுகளுக்குள் எண்ணெய் கலந்தபோது வலிகாமம் பட்ட பாட்டை நாம் கண்டிருக்கிறோம்.

நஞ்சுக்கு முன் செய்யக்கூடியவை பல. நிலத்தைத் தொடும் மரத்தை வெட்டி அடியில் சீமெந்துக் கட்டை வைப்பது, ஒழுக்கை அடைப்பது, வெடிப்பைச் சீமெந்துக் கரைசலால் நிரப்புவது, சுவரோரம் ஒரு முழ அகலத்துக்கு வெறும் நிலமாக வைத்திருப்பது, அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பது. புது மரம் ஏற்றுகிறவர்கள் ஏற்றுமுன் போரிக் உப்புக் கரைசல் பூசலாம். ஆனால் மழை படும் இடத்தில் அது கழுவுப்பட்டுப் போகும். குடி அத்திவாரத்துக்குள் ஆழமாக இருந்தால், கிணற்றுத் தூரத்தைக் கேட்டறிந்து வேலை செய்யும் பயிற்சி பெற்ற ஒருவரை அழைப்பதே பாதுகாப்பு. கிணறு எங்கே என்று கேட்காமல் பம்பியை எடுப்பவரைத் திருப்பி அனுப்புங்கள்.

றங்குப்பெட்டியைத் திறவுங்கள்

இவ்வளவையும் சொன்ன பின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நான் பார்த்த ஒரு பூட்டிய வீட்டில், கைமரங்கள் ஓரளவு தப்பியிருந்தன. உள்ளறையில் நிலத்தில் வைத்திருந்த மர அலுமாரியின் பின்பலகை முழுவதும் மண். கீழ்த்தட்டில் துணிப்பையில் சுற்றிய ஒரு கட்டு. எடுத்தபோது வெளிக் காகிதம் காகிதமாக இருந்தது. உள்ளே விரலால் தொட்டதும் உதிர்ந்தது. திருமணப் படங்கள், பிறப்புப் பதிவு, காணி உறுதி. கறையானுக்கு உறுதியும் ஒன்றுதான், உமியும் ஒன்றுதான். இரண்டும் நார்.

நமக்கு அப்படியல்ல. இலங்கைச் சட்டத்தில் பத்து ஆண்டுகள் தடையின்றி, உரிமையாளருக்கு எதிராக ஆட்சியிலிருப்பவர் காணிக்கு உரிமை கோரலாம். யுத்தத்தால் ஊருக்குப் போக முடியாதிருந்தவர்களின் நிலையைக் கருதி, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பற்றி 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் கொண்டுவரப்பட்டது. 2009 மே மாதத்துக்குப் பிறகான காலத்துக்கு அந்தச் சலுகை இல்லை. 2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல் வடக்கில் 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துள் உரிமை கோரும்படி சொன்னபோது, எத்தனை வீடுகளில் பெட்டிகளைத் திறந்து தேடினார்கள் என்பது நினைவிருக்கும். எதிர்ப்புக்கும் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடைக்கும் பிறகு அந்த அறிவித்தல் கைவிடப்பட்டது. ஆனால் கடதாசி எங்கே என்ற கேள்வி கைவிடப்படவில்லை.

ஆகவே தைச் சோதனையில் கூரைக்கு அடுத்ததாக அலுமாரி. உறுதி, பத்திரம், படம் எதுவும் மரத்திலோ நிலத்திலோ தொட்டபடி இருக்கக் கூடாது. தகரப் பெட்டியாயின் அடியில் துரு ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நம்முடைய றங்குப்பெட்டிகள் பலவற்றில் கறையான் நுழைந்த வழி அதுதான். இறுக்கமான பிளாஸ்ரிக் பெட்டி, உள்ளே உலர்ந்த துணி, மேசை உயரத்துக்கு மேல் இடம். நனைந்த கடதாசியை வெயிலில் போடாமல் நிழலில் காற்றில் உலர விடுங்கள். ஒட்டிய படங்களைப் பிய்க்க வேண்டாம்.

உறுதி உதிர்ந்துவிட்டாலும் வழி அடைபடவில்லை. நொத்தாரிசு எழுதிய உறுதியின் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். பதிவு விவரம் இருந்தால் அங்கே உறுதிப்படுத்திய பிரதி கோரலாம். அதற்கு உறுதி இலக்கம், எழுதிய திகதி, நொத்தாரிசின் பெயர், காணியின் பெயர் ஆகியவை வேண்டும். இன்றே கைபேசியில் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, இரண்டு நாடுகளில் உள்ள இரண்டு சொந்தங்களுக்கு அனுப்பி வையுங்கள். ஊர்ச் சங்க அறிக்கை, கோயில் மலர், பழைய கையேடு போன்று ஊருக்குப் பொதுவானவை இருந்தால், 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்துக்குக் காட்டலாம்.

பார்க்கிறவரின் கூலி

இந்த வேலையை யார் செய்வது? நாரந்தனையில் நான் கண்டவரை, பூட்டிய வீடுகளின் திறப்புகள் பெரும்பாலும் வயதான பெண்களின் கையில் இருக்கின்றன. சகோதரி வீடு, மச்சாள் வீடு, அயல் வீடு என்று ஒரே ஆள் மூன்று நான்கு திறப்புகளைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கிறார். கூரைக்கு அவர் ஏற முடியாது. ஆள் பிடித்து ஏற்றக் காசு கேட்கவும் கூச்சம். “கேட்டால், வீட்டை வைச்சு உழைக்கிறன் எண்டு நினைப்பினம்” என்றார் ஒருவர். மழைக்கு முன் மாற்றியிருக்க வேண்டிய நான்கு ஓடுகள் இந்தக் கூச்சத்துக்குள்தான் நிற்கின்றன. அந்த நான்கு ஓட்டின் விலை, மூன்று மாரிக்குப் பிறகு ஒரு கூரையின் விலையாகிறது.

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடு பார்ப்பதை உதவியாக எண்ணாமல் வேலையாக எண்ணுங்கள். புரட்டாதி, கார்த்திகை, தை, சித்திரை என்று நான்கு மாதத்தைக் குறித்து, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கூலியும், ஏணி ஏற ஒரு ஆளின் நாட்கூலியும் முன்கூட்டியே அனுப்புங்கள். “வீடு எப்படி?” என்று கேட்டால் “இருக்குது” என்றுதான் பதில் வரும். கதவு நிலையடி, யன்னல் மூலை, கைமரம் இறங்கும் சுவர், பீலி, கிணறு, அலுமாரிப் பின்பலகை என்று இடத்தைச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் கேளுங்கள். போன தையின் படத்தையும் இந்தத் தையின் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த நிபுணரும் இல்லாமலே வித்தியாசம் தெரியும்.

ஊரில் இருப்பவர்கள் ஒழுங்கைக்கு ஒரு நாளாகச் சேர்ந்து செய்யலாம். கறையானுக்கும் நுளம்புக்கும் எலிக்கும் வேலி தெரியாது; ஒரு வீட்டைச் சுத்தமாக்கி அடுத்த வளவைப் பற்றையாக விட்டால் பலன் பாதிதான். ஐந்து வீட்டுக்கு ஒரே ஏணி, ஒரே ஆள், ஒரே நாள் என்றால் செலவும் ஐந்தில் ஒன்று.

கறையான் ஓர் இரவில் வீட்டை விழுத்துவதில்லை. அது ஆண்டுக்கணக்கில் நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரம் நமக்கும் இருக்கிறது. வருகிற தையில் யாராவது ஒருவர் ஒரு திருப்புளியோடும் ரோச் லைற்றோடும் உங்கள் வீட்டுக்குள் போகட்டும்.